போர்ட்டலில் பெயர் கொடுக்கும் முன் கிரெடிட்டை எண்ணுங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். என் மகன் வெளிமாநிலத்தில், தெற்கே ஒரு டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மூன்று தட்டுகளில் மேல்தட்டு) பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறான். பேஸ்பால் அணியில் செகண்ட் பேஸ் ஆடுகிறான். ஆடுகிறான் என்று சொல்வதே சரியில்லை. முதல் வருஷம் ஒன்பது மேட்ச், அதுவும் பெரும்பாலும் இன்னொருவனுக்குப் பதிலாக பேஸில் ஓடுவதற்கு மட்டும். இந்த வருஷம் 22 முறை பேட் பிடித்தான். மே கடைசியில் கோச் தனியாகக் கூப்பிட்டு, “நீ நல்ல பையன், அணிக்கு நல்லவன். ஆனால் அடுத்த வருஷம் உனக்கு என்ன இடம் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது” என்றாராம். அன்றிலிருந்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுக்கப் போகிறேன் என்கிறான். ஜூலை 1 கெடு. பள்ளி நாளில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த டிராவல் பால் (ஊர் ஊராகப் போய் ஆடும் தனியார் அணி) கோச், “இரண்டு காலேஜ் ரெடியா இருக்கு, நான் பேசிக்கிறேன்” என்கிறார். என் கணவரோ, “விளையாடினது போதும், அங்கேயே இருந்து டிகிரியை முடி” என்கிறார். செலவில் கால் பங்குக்கு ஸ்காலர்ஷிப் வருகிறது. போவதா, இருப்பதா? போனால் எங்கே? இரண்டு பேருக்கும் நடுவில் நான் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகிறது.

ஒரு அம்மா, டெக்சாஸ்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இதை எழுதும்போது தேதி ஜூன் 17, 2025. உங்களுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. இரண்டு வாரம் குறைவுதான், ஆனால் செய்ய வேண்டியதைச் செய்யப் போதும். பல்கலைக்கழக விளையாட்டு வீரர்களுக்குப் படிப்பு ஆலோசகராகப் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். ஜூன் மாதத்தில் இதே கேள்வியோடு என் அறைக்கு வராத பேஸ்பால் பையன்கள் குறைவு. அவர்களில் பலர் பெயரைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். உங்கள் மகன் இன்னும் கொடுக்கவில்லை. அதுதான் இந்தக் கடிதத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி.

போர்ட்டல் என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாகப் புரிந்துகொண்டிருப்பதாகத் தெரிகிறது. அது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கமான என்சிஏஏ 2018 அக்டோபரில் அதைத் தொடங்கியது. வீரர் எழுத்தில் கேட்டால், கல்லூரியின் விதிமுறை அலுவலகம் இரண்டு வேலை நாளுக்குள் அவர் பெயரை ஏற்றியாக வேண்டும். பெயர் ஏறிய பிறகுதான் வேறு கல்லூரிக் கோச்சுகள் அவரோடு பேசலாம். ஜூலை 1 என்பது பெயர் கொடுப்பதற்கான கெடு மட்டுமே. எந்தக் கல்லூரி என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டியதில்லை. இது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்கக்கூடியது இன்னொன்று: பெயர் ஏறிவிட்டால், நடப்புப் பருவத்துக்குப் பிறகு அவன் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ள இப்போதைய கல்லூரிக்கு உரிமை வந்துவிடுகிறது. மனம் மாறிப் பெயரைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் அவனை மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் கோச்சுக்கு இல்லை. ஜூன் மாத இறுதியில் பெயர் கொடுத்தால், ஆகஸ்ட் ஃபீஸ் கட்டும்போது அந்தக் கால் பங்கு வராமல் போகலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊரில் சொல்வார்களே, இந்த ஆறு அப்படிப்பட்டது.

ஒவ்வொரு கோடையிலும் டிவிஷன் 1 பேஸ்பாலில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுக்கிறார்கள். அத்தனை பேருக்கும் இடம் இல்லை. இந்தக் கோடை மற்ற கோடைகளைவிட நெருக்கடியானது. ஜூன் 6ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன் கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அதை ஏற்கும் கல்லூரிகளில் ஜூலை 1 முதல் பேஸ்பால் அணிக்கு 34 பேர் என்பது உச்ச வரம்பு. இதுவரை அணிக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப். அதையும் கூறு போட்டுப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். உங்கள் மகனுக்குக் கிடைப்பது அப்படி ஒரு கூறுதான். இனி அந்தக் கல்லூரிகள் விரும்பினால் 34 பேருக்கும் கொடுக்கலாம். காசு கூடும், நாற்காலி குறையும். 40 பேர் வரை வைத்துப் பழகிய கோச்சுகள் இந்த வாரம் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பெயர்களை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். “வாக்குக் கொடுக்க முடியாது” என்று உங்கள் மகனிடம் சொன்னவர் மனதில் அந்த 34 ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

ஆகவே போவதா இருப்பதா என்ற விவாதத்துக்கு முன்னால், கோச் சொன்னதன் பொருள் என்ன என்று தெரிய வேண்டும். சீசன் முடிந்ததும் நடக்கும் இந்தத் தனிச் சந்திப்பில் கோச்சுகள் பேசும் பாஷை பழகினால்தான் விளங்கும். ஒரு பையனை வைத்துக்கொள்ள நினைக்கும் கோச் வேலை கொடுப்பார். எடையை இவ்வளவு ஏற்று, இடது பக்கம் போகும் பந்துக்கு முதல் அடியைச் சீக்கிரம் எடுத்து வை, கோடையில் மரப் பேட் லீகில் நூறு முறையாவது பேட் பண்ணிவிட்டு வா என்பார். உங்கள் மகனிடம் அப்படி ஒன்றும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. “நல்ல பையன்” என்று சொல்லி, வேலை எதுவும் கொடுக்காமல் அனுப்பியிருந்தால், அது கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது. அந்த மனிதர் மோசமானவர் என்று நான் சொல்ல வரவில்லை. வெளிப்படையாகச் சொல்லப் பலருக்கு நா எழுவதில்லை.

அதனால் பையன் இந்த வாரமே அவரிடம் திரும்பப் போக வேண்டும். போன் போதும். நீங்களோ உங்கள் கணவரோ பேசக் கூடாது. ஆம், இல்லை என்று மட்டுமே பதில் வரக்கூடிய கேள்விகளாக அவன் கேட்கட்டும். அடுத்த வருஷத்து 34 பேரில் நான் இருக்கிறேனா? என் ஸ்காலர்ஷிப் புதுப்பிக்கப்படுமா? வரம்பு காரணமாக நான் வெளியே போகிறேன் என்றால், விலக்குப் பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். வரம்பினால் இடம் இழக்கும் பழைய வீரர்களைக் கல்லூரி ஒரு தனிப் பட்டியலில் அடையாளம் காட்டலாம். அதில் பெயர் இருப்பவர் அங்கேயே இருந்தாலும் வேறு கல்லூரிக்குப் போனாலும் அந்த 34இல் எண்ணப்பட மாட்டார். இடத்தை அடைக்காமல் வரும் வீரர் என்றால் புதிய கோச்சின் காது கொஞ்சம் கூடுதலாகவே திறக்கும். ஸ்காலர்ஷிப் விஷயத்தில் கல்லூரி ஜூலை 1க்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நிறுத்தினால் மேல்முறையீடு செய்ய அவனுக்கு உரிமை உண்டு. கல்லூரியே நிறுத்தினால் கெடு தாண்டியும் போர்ட்டலில் பெயர் கொடுக்க வழி இருக்கிறது. அதை விதிமுறை அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை மின்னஞ்சலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

இப்போது உங்கள் கணவர் பக்கம் வருகிறேன். அவர் சொல்வதை நான் தள்ளவில்லை. வேலை உறுதியுள்ள ஒரு டிகிரி பாதியில் நிற்கும்போது தகப்பனுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். நான் சொல்லப்போகும் பெரிய விஷயமும் டிகிரியைப் பற்றித்தான். ஆனால் ஒன்றை அவரிடம் மரியாதையோடு சொல்ல விரும்புகிறேன். தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் மேஜர் லீக் டிராஃப்ட் 2019 வரை 40 சுற்று. இப்போது 20 சுற்று. அதற்குக் கீழ்த்தட்டான மைனர் லீகில் இணைந்த அணிகள் 2021இல் 160இலிருந்து 120 ஆகச் சுருங்கின. இந்த வருஷம் முழுக்க 22 முறை பேட் பிடித்த செகண்ட் பேஸ்காரனுக்கு அந்தக் கதவு இன்று திறந்திருக்கவில்லை. இதை உங்கள் மகனும் உள்ளுக்குள் அறிவான். அப்படியிருந்தும் அவன் ஆட விரும்புகிறான் என்றால், அவன் கேட்பது ஆடுவதை மட்டும். ஆறு வயதில் டீ பாலில் தொடங்கி, ஒவ்வொரு சனி ஞாயிறும் நீங்கள் மடக்கு நாற்காலியோடு மைதானம் மைதானமாக அலைந்து வளர்த்த ஒன்றை, 20 வயதில் பெஞ்சில் உட்கார்ந்தபடி முடித்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. அந்த ஆசையைக் கெட்ட பழக்கம் போல நடத்த வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று வருஷம்தான். பிறகு வாழ்நாள் முழுக்க அவனுக்கு வேலை இருக்கிறது.

அவனுக்கு எவ்வளவு மீதி இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். டிவிஷன் 1இல் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருஷம், அதற்குள் நான்கு சீசன். அமெரிக்கக் கால்பந்தில் சில மேட்ச் ஆடினாலும் சீசனைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். பேஸ்பாலில் அந்தச் சலுகை இல்லை. பேஸில் ஓட ஒரே ஒரு முறை இறங்கியிருந்தாலும் அந்த சீசன் செலவாகிவிட்டது. ஆகவே அவனுக்கு மீதி இரண்டு சீசன், கையில் மூன்று வருஷம். அந்தக் கூடுதல் ஒரு வருஷம் இன்ஜினியரிங் மாணவனுக்கு வரம். படிப்பு ஐந்து வருஷமாக நீண்டாலும் ஆட்டம் அதற்குள் அடங்கும்.

இனி எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போகிற கணக்குக்கு வருகிறேன். எத்தனை முறை பேட் பிடித்தான் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, எத்தனை கிரெடிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகு) வைத்திருக்கிறான் என்று பாருங்கள்.

டிவிஷன் 1இல் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது, வீரர் தன் டிகிரியில் 40 விழுக்காட்டை முடித்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில் 60, ஐந்தாம் ஆண்டுத் தொடக்கத்தில் 80. இது எந்த டிகிரியின் 40 விழுக்காடு? புதிய கல்லூரி கொடுக்கப்போகும் டிகிரியின் 40 விழுக்காடு. மெக்கானிக்கல் டிகிரிக்கு 128 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், 52 கிரெடிட் தேவை. உங்கள் மகன் 65 முடித்திருக்கலாம். புதிய கல்லூரி அந்த 65ஐயும் ஏற்றுக்கொண்டோம் என்றே கடிதம் அனுப்பலாம். ஆனால் ஏற்றுக்கொள்வது வேறு, டிகிரிக்குக் கணக்கில் சேர்ப்பது வேறு. அங்கே படித்த ஸ்டாடிக்ஸ் இங்கே மூன்று கிரெடிட்டா நான்கா, புரோகிராமிங் பாடம் அதே மொழியா, தெர்மோடைனமிக்ஸில் எடுத்த சி கிரேடு போதுமா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஒத்துவராத பாடத்தை “விருப்பப் பாடம்” என்ற கூடையில் போட்டுவிடுவார்கள். இன்ஜினியரிங் டிகிரியில் அந்தக் கூடை மிகச் சின்னது. நிரம்பி வழிவதெல்லாம் வீண். 65 என்பது 50 ஆகிவிட்டால், பையன் ஆகஸ்டில் தகுதி இழந்தவனாகத் தொடங்குவான். மற்ற பல விளையாட்டுகளில் டிசம்பருக்குள் சரிசெய்துகொள்ளலாம். பேஸ்பாலில் இலையுதிர் பருவத் தொடக்கத்தில் தகுதி இல்லை என்றால் அந்தக் கல்வியாண்டு முழுக்க இல்லை. பிப்ரவரியில் தொடங்கும் சீசனை மறுபடி பெஞ்சிலிருந்தே பார்க்க வேண்டும். ஆடுவதற்காகவே ஊர் மாறி வந்த பையனுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

2022 கோடையில் எங்களிடம் வந்த ஒரு பிட்சரின் கடிதத்தில் 57 கிரெடிட் ஏற்கப்பட்டதாக இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு, கவலை இல்லை என்று அவன் அப்பாவிடம் போனில் சொன்னேன். டிகிரிக் கணக்குத் தாள் ஆகஸ்டில்தான் வந்தது. அதில் 46. அந்த வருஷம் முழுக்க அவன் பயிற்சியில் மட்டும் பந்து வீசினான். வெளியூர் மேட்சுக்கு அணி பஸ் ஏறும்போது வாகன நிறுத்தத்தில் நின்று கையசைப்பான். தவறு என்னுடையது. அன்றிலிருந்து ஏற்புக் கடிதத்தை நான் நம்புவதில்லை. டிகிரிக் கணக்குத் தாளை மட்டும்தான் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கணக்கோடு நேரத்தையும் கேட்க வேண்டும். இன்ஜினியரிங் லேப் பெரும்பாலும் மதியம். பேஸ்பால் பயிற்சியும் மதியம். புதிய கல்லூரியின் இன்ஜினியரிங் மாணவர் யாராவது அந்த அணியில் இருக்கிறாரா என்று பையன் கேட்கட்டும். இருந்தால் அவரிடம் பேசட்டும். ஒருவரும் இல்லை என்றால் அந்தப் பதிலிலேயே விஷயம் இருக்கிறது. மேஜரை மாற்றிக்கொள்ளச் சொல்லும் கோச் எங்கேயும் உண்டு. அப்படிக் கேட்டால் அந்தக் கல்லூரியை அடித்துவிடுங்கள், எவ்வளவு பெரிய அணியானாலும்.

இப்போது எங்கே என்ற கேள்வி. இங்கே நான் சொல்லப்போவது உங்கள் மகனுக்கு முதலில் கசக்கலாம்.

பையன்கள் எல்லோருடைய மனதிலும் பால் ஸ்கீன்ஸ் இருக்கிறார். ஏர் ஃபோர்ஸ் அகாடமியிலிருந்து 2022இல் லூசியானா ஸ்டேட் போனார். 2023இல் ஓமஹாவில் கல்லூரி பேஸ்பாலின் தேசியக் கோப்பை, அதே கோடையில் டிராஃப்டில் முதல் தேர்வு, 2024இல் நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம். ஆனால் அவர் ஏர் ஃபோர்ஸில் பெஞ்சில் இருந்தவர் அல்ல. அங்கேயும் அவர்தான் நட்சத்திரம். மூன்றாம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் ராணுவப் பணிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதால், அந்த நேரத்தில் அந்த முடிவை எடுத்தார். அவர் ஏன் போனார் என்பது தெளிவு. ஜார்ஜியாவின் சார்லி காண்டனை அதிகம் பேர் சொல்வதில்லை. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்தார். 2022 முழுக்க ஒரு மேட்ச் கூட ஆடாமல், சீசனைச் செலவழிக்காமல், ரெட்ஷர்ட்டாக உட்கார்ந்தார். வேறெங்கும் போகவில்லை. 2023இல் 25 ஹோம் ரன், 2024இல் 37, அந்த ஆண்டின் சிறந்த அமெச்சூர் வீரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருது, டிராஃப்டில் மூன்றாம் தேர்வு. ஒருவர் போய் ஜெயித்தார், ஒருவர் இருந்து ஜெயித்தார். இரண்டு கதையும் உங்கள் மகனுக்குப் பொருந்தாது. அவனுக்குத் தேவை, அவனை செகண்ட் பேஸில் நிறுத்தும் ஓர் அணி.

அந்த அணி இப்போது இருப்பதைவிடப் பெரிய பெயராக இருக்க வாய்ப்பு குறைவு. இதைச் சொல்லும்போது நம் வீடுகளில் ஒரு தயக்கம் வரும், எனக்குத் தெரியும். பிள்ளை படிக்கும் காலேஜின் பெயரை ஊரில் மாமாவிடம் சொல்ல வேண்டும். வார இறுதி விருந்தில் சொல்ல வேண்டும். “டிவிஷன் 1இலிருந்து டிவிஷன் 2க்கா?” என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் யாரும் உங்கள் பையனுக்காக ஒரு மேட்ச் பார்க்க வந்தவர்கள் இல்லை. இந்த வாரம் ஓமஹாவில் ஆடிய எட்டு அணிகளில் கென்டக்கியின் மர்ரி ஸ்டேட்டும் ஒன்று. அந்தப் பெயரைப் போன மாதம் வரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? நேற்று ஆர்கன்சாவின் கேஜ் வுட் 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து, ஒரு ஹிட்டும் கொடுக்காமல் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். அப்படித் தோற்றதுகூட ஆடினவர்களுக்குத்தான் கிடைக்கும்.

இன்ஜினியரிங் வேண்டும் என்பதால் தேடல் தானாகவே குறுகிவிடுகிறது. டிவிஷன் 2 கல்லூரிகள் பலவற்றில் இன்ஜினியரிங் கிடையாது. இருக்கும் இடங்கள் நல்ல இடங்கள்: கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ், மிசௌரி எஸ் அண்ட் டி, ஹன்ட்ஸ்வில்லில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம், டேட்டோனா பீச்சில் எம்ப்ரி ரிடில். இவை எல்லாவற்றிலும் பேஸ்பால் உண்டு. டிவிஷன் 2இல் அணிக்கு ஒன்பது ஸ்காலர்ஷிப், அதையும் பிரித்துத்தான் கொடுப்பார்கள். டிவிஷன் 3இல் விளையாட்டுக்குக் காசே கிடையாது. ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் கொடுப்பார்கள். பல வீடுகளில் அந்தத் தொகை நீங்கள் வாங்கும் கால் பங்கைவிடப் பெரிதாக வருவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே நான் மேலே சொன்ன 40, 60 கணக்கும் இல்லை. கல்லூரியின் சொந்த விதிப்படி ஒழுங்காகப் படித்தால் போதும். ரோஸ் ஹல்மன், ஸ்டீவன்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் எல்லாம் டிவிஷன் 3. உங்கள் மாநிலத்திலேயே சான் அன்டோனியோவில் டிரினிட்டி இருக்கிறது. 2016இல் டிவிஷன் 3 தேசியக் கோப்பையை வென்ற அணி அது. அங்கே இன்ஜினியரிங் உண்டு, ஆனால் அது பொது இன்ஜினியரிங் டிகிரி. மெக்கானிக்கல் என்ற பெயரே வேண்டுமா என்று பையன் யோசிக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ரிச்சர்ட்சனில் யூடி டல்லாஸ் (டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் கிளை) இருப்பதை நீங்கள் யோசித்தீர்களா? 2025-26 கல்வியாண்டு முதல் அது டிவிஷன் 3இலிருந்து டிவிஷன் 2க்கு ஏறி லோன் ஸ்டார் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் சேர்கிறது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் உண்டு, பேஸ்பால் உண்டு, டெக்சாஸ்வாசிக் கட்டணம். வெளிமாநிலக் கட்டணத்தில் கால் பங்கு தள்ளுபடிக்குப் பிறகு நீங்கள் இப்போது கட்டுவதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். மாறுதல் காலத்தில் இருக்கும் கல்லூரி என்பதால் முதல் சில வருஷம் தேசியத் தொடரில் ஆட முடியாது. ஆனால் படி ஏறும் அணிக்கு டிவிஷன் 1 பயிற்சி பெற்ற கைகள் தேவைப்படும். யூடி டைலரும் அதே கான்ஃபரன்ஸ், அங்கேயும் மெக்கானிக்கல் இருக்கிறது. இவர்கள் உங்கள் மகனை எடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கதவுகள் என்கிறேன்.

இரண்டாண்டு ஜூனியர் காலேஜுக்கு இறங்கி ஆடிவிட்டு மறுபடி மேலே வரும் வழியும் பேஸ்பாலில் பழைய வழிதான். ஆல்பர்ட் பூஹோல்ஸும் பிரைஸ் ஹார்ப்பரும் ஜூனியர் காலேஜ் ஆட்கள். ஆனால் உங்கள் மகன் ஏற்கெனவே இரண்டு வருஷ இன்ஜினியரிங் முடித்தவன். மூன்றாம் ஆண்டுப் பாடம் அங்கே கிடையாது. வேண்டாம்.

எந்தக் கல்லூரியானாலும் அணியின் வீரர் பட்டியல் இணையத்தில் இருக்கும். செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப் ஆடுபவர்கள் யார், எந்த வருஷம், யார் முடித்துப் போகிறார்கள் என்று எண்ணட்டும். போன வருஷம் டிரான்ஸ்ஃபரில் வந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள் என்றும் பார்க்கட்டும். வந்தவர்கள் வந்த வேகத்தில் போயிருந்தால் கேள்வி கேளுங்கள். கோச்சிடம், “இந்தக் கோடையில் இன்னும் எத்தனை இன்ஃபீல்டர்களை எடுக்கப் போகிறீர்கள்?” என்று நேராகக் கேட்கலாம். நல்ல கோச் கோபப்பட மாட்டார். கோச்சை மட்டும் நம்பியும் போக வேண்டாம். 2024இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஓமஹா இறுதிப் போட்டியில் தோற்ற மறுநாளே அதன் தலைமைக் கோச் ஜிம் ஷ்லாஸ்நேகல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கோச் போனாலும் உங்கள் மகன் அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருப்பான். பந்தே இல்லாவிட்டாலும் அங்கே இருக்கப் பிடிக்குமா என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த டிராவல் பால் கோச் விஷயம். அவர் நல்ல எண்ணத்தோடு சொல்வதாகவே வைத்துக்கொள்வோம். பெயர் போர்ட்டலில் ஏறும் முன் வேறு கல்லூரி நேரடியாகவோ மூன்றாம் ஆள் மூலமாகவோ பேரம் பேசுவது விதிமீறல். அதோடு, “ரெடியா இருக்கு” என்பது ஸ்காலர்ஷிப் தாள் ஆகாது. எந்தக் கல்லூரி, எந்தக் கோச், எவ்வளவு தொகை என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதையாகிவிடும். அவருக்கு நன்றி சொல்லி, பெயர் ஏறிய பிறகு உதவச் சொல்லுங்கள். அப்போது அவர் சொல்லும் நல்ல வார்த்தைக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு.

பையன் எங்கே ஆடிக்கொண்டிருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. கோடையில் ஏதாவது ஒரு லீகில் அவன் ஆடியே ஆக வேண்டும். 22 முறை பேட் பிடித்தவனைப் பற்றிப் புள்ளிவிவரம் எதுவும் சொல்லாது. 60 கெஜ ஓட்ட நேரம், பந்து பேட்டிலிருந்து கிளம்பும் வேகம், இரண்டு பக்கமும் போய்ப் பந்தெடுத்து எறியும் வீடியோ இரண்டு மூன்று நிமிடம். இவ்வளவும் பெயர் ஏறும் அன்று தயாராக இருக்க வேண்டும். மின்னஞ்சலை அவனே எழுதட்டும், போனை அவனே எடுக்கட்டும். அம்மா அப்பா பேசும் பையனைக் கோச்சுகள் தயங்கித் தயங்கித்தான் எடுப்பார்கள்.

என் கருத்தைக் கேட்டீர்கள், சொல்கிறேன். கோச் “34இல் நீ இல்லை” என்றால், பையனுக்கு ஆட ஆசை இருந்தால், போகலாம். பெரிய பெயரைத் தேடிப் போக வேண்டாம். கிரெடிட் உடையாத, செகண்ட் பேஸ் காலியாக இருக்கும், வீட்டுக்குக் கட்டுப்படியாகும் இடத்துக்குப் போகட்டும். “34இல் இருக்கிறாய், ஆனால் ஆட்டம் கிடைக்குமா தெரியாது” என்றால், கிரெடிட் கணக்கு கைக்கு வரும்வரை பெயர் கொடுக்க வேண்டாம். கணக்கு சரியில்லை என்றால் உங்கள் கணவர் சொல்வதே சரி. அங்கேயே இருந்து டிகிரியை முடிக்கட்டும். ஆனால் அந்த முடிவை அவன் எடுக்க வேண்டும், அந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகு.

போர்ட்டலில் பெயர் இல்லாமலே, சாதாரண மாணவனாக, எந்தக் கல்லூரியின் இன்ஜினியரிங் துறையிலும் டிரான்ஸ்ஃபர் கிரெடிட்டைப் பற்றி விசாரிக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நாளைக் காலையிலேயே தொடங்கட்டும். இதுவரை படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் ஒரே கோப்பில் சேர்த்து, மூன்று துறைகளுக்கு அனுப்பி, “இவற்றில் எவை உங்கள் மெக்கானிக்கல் டிகிரிக்குக் கணக்கில் வரும்?” என்று கேட்கட்டும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் போன் செய்யட்டும். வந்த பதில்களையும் அவன் இப்போதைய டிகிரிக் கணக்குத் தாளையும் 25ஆம் தேதிக்குள் எனக்கு அனுப்பி வையுங்கள். வரிக்கு வரி நான் பார்த்துச் சொல்கிறேன். கெடுவுக்கு அதற்குப் பிறகும் ஆறு நாள் இருக்கும்.